கடிகாரமா, நாடியா, மூச்சா?

வாரத்தில் நான்கு நாள், வேலைக்குப் போகும் முன் ஓடுகிறவர்கள் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். பதக்கம் அவர்கள் நோக்கமல்ல. ஆண்டுக்கு ஒரு ஹாஃப் மாரத்தான், துணிந்தால் ஒரு முழு மாரத்தான், அவ்வளவுதான். ஆனால் ஷூ நாடாவைக் கட்டும்போதே அவர்களுக்கும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இன்று எந்த வேகத்தில் ஓடுவது?

விடை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்கிறது பயிற்சி அட்டவணை. இதயத்துடிப்பு இதைத் தாண்டிவிட்டது என்று மணிக்கட்டில் அதிர்கிறது கடிகாரம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறதா பார், முடிந்தால் சரியான வேகம் என்கிறார் கூட வரும் மூத்தவர். மூன்றும் ஒரே விடையைத் தருகிற நாட்கள் உண்டு. தராத நாட்களில் எதை நம்புவது என்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு விவாதம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உலக சாதனையாளர்களை வைத்து நடந்தது. பொழுதுபோக்காக ஓடுகிறவர் கடைசியில் வந்து சேர்ந்த விருந்தாளி.

விவாதத்துக்குள் போகும் முன் ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். ‘உழைப்பை வைத்து ஓடு’ என்கிறபோது உழைப்பு என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. ஒன்று, உடல் செலவழிப்பது: ஆக்சிஜன், சர்க்கரை, வெப்பம். மற்றொன்று, ஓடுகிறவர் உணர்வது: மூச்சின் கனம், காலின் பாரம், நிறுத்திவிடலாமா என்ற எண்ணம். இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நகர்கின்றன. பிரியும் இடங்களில்தான் பெரும்பாலான கருத்து வேறுபாடுகள் பிறந்திருக்கின்றன.

கடிகாரத்தின் கட்சி

வேகத்தை நேரத்தால் ஆளலாம் என்ற எண்ணத்துக்கு முகம் கொடுத்தவர் ஃபின்லாந்தின் பாவோ நூர்மி. கையில் நிறுத்து கடிகாரத்தோடு ஓடியவர் அவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர், 5000 மீட்டர் இரண்டையும் ஒரே நாளில் வென்றார். எதிராளி எப்படி ஓடுகிறார் என்பதைவிடத் தன் சுற்று எத்தனை நொடியில் முடிந்தது என்பதே அவருக்கு முக்கியம். சீரான வேகமே சிக்கனமான வேகம் என்ற பாடம் அங்கிருந்து பரவியது.

1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹான்ஸ் ரைண்டெலும் இண்டர்வெல் முறையை வகுத்தார்கள். அது நேரத்தோடு நாடியையும் சேர்த்துக்கொண்டது. குறுகிய தூரத்தை வேகமாக ஓடி நாடியை 180 வரை ஏற்றுவது, 90 நொடிக்குள் அது 120க்கு இறங்கினால் அடுத்ததைத் தொடங்குவது. இறங்காவிட்டால் அன்றைய வேலை மிஞ்சிவிட்டது என்று பொருள். கெர்ஷ்லரின் மாணவர் ருடோல்ஃப் ஹார்பிக் 1939இல் மிலானில் 800 மீட்டரை 1:46.6இல் ஓடினார். அந்தச் சாதனை 1955 வரை நின்றது. இந்த முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓடும் வேகத்தைக் கடிகாரம் தீர்மானித்தாலும், எப்போது நிறுத்துவது என்பதை உடலிடம் கேட்டார்கள். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்தது ஒரு சோகம்.

கடிகாரக் கட்சியின் முதிர்ந்த வடிவம் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸுடையது. ஜிம்மி கில்பர்ட்டோடு சேர்ந்து 1979இல் அவர் வெளியிட்ட அட்டவணைகள், ஒரு பந்தய நேரத்தை வாங்கிக்கொண்டு ஒரு தகுதி எண்ணைத் தருகின்றன. அந்த எண்ணிலிருந்து மென்னோட்டம், மாரத்தான் வேகம், டெம்போ, இண்டர்வெல், விரைவோட்டம் என ஐந்து வேகங்கள் பிரிகின்றன. ஆய்வுக்கூடம் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், போன மாதம் ஓடிய 10 கிலோமீட்டர் நேரம் போதும். எளிய ஓட்டக்காரருக்கு இதைவிட மலிவான உடற்கூற்றியல் கிடைப்பது அரிது.

பலவீனமும் அதே எளிமையில்தான் இருக்கிறது. அட்டவணைக்குத் தட்பவெப்பம் தெரியாது. காலோவேயும் மாகனும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே சுமையில் சைக்கிள் மிதித்தவர்கள், 11 டிகிரி செல்சியஸில் சராசரியாக 93 நிமிடம் தாங்கினார்கள். 31 டிகிரியில் 52 நிமிடத்துக்குள் துவண்டுவிட்டார்கள். வட அமெரிக்க மாரத்தான்களின் பல ஆண்டு முடிவுகளை அலசிய 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இன்னொன்றையும் காட்டியது. வெப்பம் ஏறும்போது எல்லோரும் மெதுவாகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் முன்னால் ஓடுகிறவர்களைவிட அதிகம் மெதுவாகிறார்கள். அதாவது கடிகாரம் யாரை மிக மோசமாக ஏமாற்றுமோ அவர்களே அதை அதிகம் நம்புகிறவர்கள். ஜனவரி மாரத்தானுக்குத் தயாரானபோது மென்னோட்டமாக இருந்த வேகத்தைச் சென்னைக்காரர் மே மாதக் காலையில் கேட்டால் அது மென்னோட்டமாக இருக்காது. மேட்டுக்கும் எதிர்க்காற்றுக்கும் முந்தின இரவின் தூக்கமின்மைக்கும் இதே கதைதான்.

காட்டுப்பாதையிலிருந்து ஒரு மறுப்பு

ஸ்வீடனின் யோஸ்டா ஹோல்மேர் 1930களில் முன்வைத்த ‘ஃபார்ட்லெக்’ என்ற சொல்லுக்கு வேக விளையாட்டு என்று பொருள். காட்டுப்பாதையில் ஓடு, உடல் கேட்கும்போது விரட்டு, கேட்காதபோது தளர்த்து, தூரக்கல் பார்க்காதே. அந்நாட்டின் குண்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் இருவரும் 1942க்கும் 1945க்கும் இடையே மைல் சாதனையை மாறி மாறிப் பறித்தார்கள். ஹேக் இறுதியில் நிறுத்திய 4:01.4, ரோஜர் பேனிஸ்டர் 1954இல் வரும்வரை அசையவில்லை. ஆக, உணர்வை வைத்து ஓடுவது சோம்பேறிகளின் வழி என்ற ஏளனம் பிறக்கும்போதே பொய்.

இந்த மரபில் நம் கேள்விக்கு மிக நெருக்கமானவர் நியூஸிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே பிற்பகலில் தங்கம் வென்றார்கள். வாரம் 160 கிலோமீட்டர் என்ற அவருடைய கணக்கு புகழ்பெற்றது. அதைவிட முக்கியமானது, ஓட்டங்களை அவர் பின்னத்தில் அளந்தது: கால் முயற்சி, அரை முயற்சி, முக்கால் முயற்சி. 800 மீட்டர்க்காரரும் மாரத்தான்காரரும் ஒரே குறிப்பைப் பின்பற்றலாம், வேகம் மட்டும் அவரவர்க்கு ஏற்ப அமையும்.

இதே லிடியார்டிடமிருந்துதான் பொழுதுபோக்கு ஓட்டம் என்ற பழக்கமும் பரவியது. 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் நடுவயதினரையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்து மெல்ல ஓட வைத்தார்கள். அங்கே போன ஆரிகன் பயிற்சியாளர் பில் பவர்மேன், தன்னைவிட மூத்த ஒருவரோடு ஓட முடியாமல் திணறி, ஊர் திரும்பி அதே இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் வெளிவந்த அவருடைய ‘ஜாகிங்’ நூல் அமெரிக்கப் பூங்காக்களை நிரப்பியது. பேசிக்கொண்டே ஓடு என்ற அறிவுரை அந்தக் கூட்டத்தோடு வந்தது. கைக்கடிகாரம் எண்களைக் கொட்டத் தொடங்கியது பிறகுதான்.

ஆனால் ‘அரை முயற்சி’ என்றால் எவ்வளவு? ஸ்னெலுக்கு அருகே லிடியார்ட் இருந்தார், பார்த்துத் திருத்தினார். தனியாக ஓடுகிறவருக்கு அந்தக் கண் இல்லை. அந்த இடைவெளியை ஒரு கருவி நிரப்பும் என்று அடுத்த தலைமுறை நம்பியது.

நெஞ்சில் கட்டிய பட்டை

ஃபின்லாந்தில் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் கம்பியில்லா இதயத்துடிப்பு மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1957இல், அந்நாட்டின் கார்வோனென் ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடைப்பட்ட வீச்சில் சதவீதம் பார்க்கும் முறையைக் கொடுத்திருந்தார். கருவியும் கணக்கும் சந்தித்தபோது, துடிப்பின் வரம்பைக் குறிக்கும் ‘ஸோன்’ என்ற சொல் ஓட்டக்காரர்களின் நாக்கில் ஏறியது.

அடிப்படை ஆட்டங்காண்பது உச்சத் துடிப்பில். 220இலிருந்து வயதைக் கழி என்ற சூத்திரம் 1970ஐ ஒட்டி ஃபாக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், பிறர் தந்த தரவுகளின் மேல் கண்மதிப்பாக இழுத்த கோட்டிலிருந்து வந்தது. தனிமனிதருக்குப் பயிற்சி எழுத அது உருவானதல்ல. தனகாவும் குழுவினரும் 2001இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 40 வயதில் இரண்டும் 180 என்றே காட்டும். 60 வயதில் 160க்கும் 166க்கும் இடையே பிரியும். எந்தச் சூத்திரமானாலும் மனிதருக்கு மனிதர் வேறுபாடு ஏறத்தாழ 10 துடிப்பு இருபுறமும் இருக்கும், சிலருக்கு அதற்கும் மேல். 40 வயதுக்காரர் ஒருவரின் உண்மையான உச்சம் 165ஆகவும் இருக்கலாம், 195ஆகவும் இருக்கலாம். அவர்கள் இருவருக்கும் ஒரே ஸோன் என்பது ஒரே அளவுச் செருப்பு மாதிரி.

ஃபிலிப் மாஃபெட்டோன் இதைச் சுருக்கி 180இலிருந்து வயதைக் கழித்து, அதைத் தாண்டாதே என்றார். ஹவாய் அயர்ன்மேன் போட்டியை ஆறு முறை வென்ற மார்க் ஆலன் அந்த முறையின் விளம்பரம் ஆனார். அதில் ஒரு நல்ல விளைவு உண்டு: ஆவேசமாகத் தொடங்குகிறவரை அது அடக்குகிறது. ஆனால் அந்த எண்ணுக்கு உடலின் எந்த எல்லையோடும் உறுதியான தொடர்பு காட்டப்படவில்லை. புதியவர் பலர் அதற்குக் கீழே இருக்க வேண்டுமானால் நடந்துதான் போக வேண்டியிருக்கும்.

கருவிக்கு இன்னொரு தொல்லை. ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இதயத்துடிப்பு தானாகவே மேலேறும். வியர்வையில் நீர் குறையக் குறைய, வெப்பத்தைத் தணிக்கத் தோலுக்கு ரத்தம் போகப் போக இன்னும் ஏறும். புழுக்கமான கடற்கரை நகரங்களில் இது கண்கூடு. துடிப்பைப் பிடித்துவைத்தால் வேகம் சரிகிறது. இதை உடல் தரும் உண்மையான எச்சரிக்கை என்று ஒரு சாரார் ஏற்கிறார்கள். தசைக்கான பயிற்சியே குறைந்துபோகிறது என்று மறுசாரார் குறைப்படுகிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் கடிகாரம், துடிப்புக்குப் பதில் காலடிகளை எண்ணிவிடும் வேடிக்கையைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம்.

சிரமத்துக்கு ஓர் எண்

ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க், 1960களில், உடல் உணரும் சிரமத்தை நேரடியாக எண்ணில் கேட்கலாம் என்று காட்டினார். அவருடைய அளவுகோல் விசித்திரமாக 6இல் தொடங்கி 20இல் முடிகிறது. ஆரோக்கியமான இளைஞருக்கு 60 முதல் 200 வரையான இதயத்துடிப்போடு ஒப்பிடும்படி அமைத்ததே காரணம். 13 என்றால் ‘ஓரளவு கடினம்’, துடிப்பு 130ஐ ஒட்டி. 1982இல் அவர் தந்த 0 முதல் 10 வரையான அளவுகோலே இன்று ஓட்டக்காரர்களிடம் அதிகம் புழங்குகிறது. அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் அதை நிமிடங்களால் பெருக்கினார்: 50 நிமிட ஓட்டம், சிரமம் 3, ஆக அன்றைய சுமை 150. காகிதமும் பென்சிலும் மட்டும் கேட்கிற முறை. பேச்சுச் சோதனையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வசதியாகப் பேச முடியாமல் போகும் புள்ளி, மூச்சு சட்டென்று கூடும் முதல் எல்லைக்கு அருகே விழுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூத்தவர் சொன்னது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல.

அப்படியானால் இந்த உணர்வு எதைத்தான் அளக்கிறது? 1920களில் ஏ. வி. ஹில் போட்ட அடித்தளத்தில், களைப்பு தசையில் நடக்கும் விபத்து: ஆக்சிஜன் போதவில்லை, அமிலம் சேர்கிறது, தசை நிற்கிறது. தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் 1990களின் பிற்பகுதியில் இதைத் தலைகீழாக்கினார். விபத்து நேராமல் மூளை முன்கூட்டியே தசையை அடக்குகிறது, களைப்பு என்பது அந்த அடக்குதலின் குரல் என்றார். மாரத்தானின் கடைசி 400 மீட்டரில் வேகம் எடுக்க முடிவது அவர் தரப்புச் சாட்சி. ஆனால் அந்த ‘மைய ஆளுநர்’ மூளையில் எங்கே இருக்கிறது, அது தவறு என்று எந்தச் சோதனையால் நிறுவ முடியும் என்ற கேள்விகளுக்கு விடை தெளிவாக வரவில்லை.

இத்தாலியரான சாமுவேல் மார்கோரா, ஆளுநரே தேவையில்லை, உணரும் சிரமமும் ஒருவர் ஏற்கத் தயாராக இருக்கும் சிரமமும் போதும் என்கிறார். 2009இல் அவர் குழு 16 பேரைக் கணினி முன் 90 நிமிடம் கவனம் தேவைப்படும் வேலையில் உட்காரவைத்து, பிறகு சைக்கிள் மிதிக்க வைத்தது. வழக்கமாக 754 நொடி தாங்கியவர்கள் 640 நொடியில் நிறுத்தினார்கள். இதயமும் தசையும் தளரவில்லை. சிரம எண் மட்டும் தொடக்கத்திலிருந்தே உயர்ந்திருந்தது. பிந்தைய மறுபார்வைகள் சில, இந்த விளைவு முதலில் தோன்றிய அளவு பெரிதாக இருக்காது என்கின்றன. எனினும் பகலெல்லாம் திரை முன் இருந்துவிட்டு மாலையில் ஓடுகிறவருக்கு இது அந்நியமான சோதனை அல்ல. அவர் உணரும் சிரமம் ஏழு என்றால், அது காலின் ஏழா, அலுவலகத்தின் ஏழா? காபியும் பாட்டும் இதே எண்ணை எதிர்த்திசையில் இறக்குகின்றன.

மென்னோட்டம் ஏன் மென்மையாக இல்லை

நார்வேயில் பணியாற்றும் அமெரிக்கரான ஸ்டீஃபன் சைலர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் எனப் பலரின் பயிற்சிக் குறிப்பேடுகளைப் புரட்டி, பத்தில் எட்டு அமர்வுகள் மிக எளிதாகவே இருப்பதைக் கண்டார். மீதியில் கணிசமானவை மிகக் கடினமானவை. நடுத்தரச் சிரமம் குறைவு. இதுவே இரு துருவப் பயிற்சி. 2014இல் மாட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நூல் வழியாக 80/20 சாதாரண ஓட்டக்காரர்களின் மந்திரமானது.

மந்திரம் எந்த அலகில் சொல்லப்பட்டது என்பது பலருக்கு நழுவிப்போகிறது. எண்ணியது அமர்வுகளை. நிமிடங்களை எண்ணினால் எளிய பங்கு 90 சதவீதத்தை நெருங்கும். மேலும், வாரம் இருபது மணி நேரம் பயிற்சி செய்கிறவருக்கு எளிய ஓட்டம் விதியல்ல, உயிர்பிழைக்கும் வழி. எல்லாவற்றையும் கடினமாகச் செய்ய உடல் இடம் தராது. வாரம் மூன்று மணி நேரம் ஓடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முன்யோஸும் குழுவினரும் 2014இல் 30 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களைப் பத்து வாரம் பயிற்றினார்கள். இரு துருவப் பயிற்சி பெற்றோர் 10 கிலோமீட்டரில் சுமார் 5 சதவீதமும் நடுத்தரத்தில் அதிகம் ஓடியோர் சுமார் 3.6 சதவீதமும் முன்னேறினார்கள். இடைவெளி புள்ளியியல்படி உறுதியானதல்ல. அண்மைத் தொகுப்பாய்வு ஒன்று, போட்டியாளர்களுக்கு இரு துருவ முறையும் பொழுதுபோக்கினருக்கு நடுத்தரத்துக்குச் சற்றே அதிக இடம் தரும் பிரமிடு முறையும் பொருந்தக்கூடும் என்கிறது.

இதில் என் பார்வையில் உறுதியானது விகிதம் அல்ல, ஃபாஸ்டர் குழு 2001இல் கவனித்த ஒரு பழக்கம். பயிற்சியாளர் எளிது என்று வகுத்த நாளில் வீரர்கள் சற்றுக் கடினமாகவும், கடினம் என்று வகுத்த நாளில் சற்று எளிதாகவும் ஓடியிருந்தார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பவர்களுக்கே இப்படி. குழுவோடு ஓடி, நேரத்தைக் கைபேசிச் செயலியில் எல்லோர் பார்வைக்கும் ஏற்றுகிறவரின் மென்னோட்டம் எங்கே போய் முடியும் என்பதை ஊகிக்கலாம்.

பந்தய நாளில் தலைகீழாகும் நியாயம்

பயிற்சியில் உணர்வுக்குச் சாதகமாக அடுக்கிய வாதங்கள் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் வலுவிழக்கின்றன. நோக்ஸின் வட்டத்தில் நடந்த ஆய்வுகள் காட்டிய முக்கியமான போக்கு இது: ஒரே சீரான வேகத்தில் ஓடினாலும் உணரும் சிரமம் நிலையாக இருப்பதில்லை; கடந்த தூரத்தின் பங்குக்கு ஏற்பப் படிப்படியாக ஏறி, முடிவில் உச்சம் தொடுகிறது. எனவே சரியான மாரத்தான் வேகம் முதல் ஐந்து கிலோமீட்டரில் அசட்டுத்தனமாக எளிதாகத் தோன்றியே ஆக வேண்டும். அங்கே ‘உடல் சொல்வதைக் கேள்’ என்ற அறிவுரை ஆபத்தானது. இரண்டு வாரம் ஓய்வெடுத்த உடல், கூட்டத்தின் ஆரவாரத்தில், பொய் சொல்லும். அதே உணர்வளவைக் கடைசிவரை பிடித்தால் வேகம் தேய்ந்துகொண்டே போகும். உழைப்பு என்ற சொல்லின் இரண்டு பொருள்களும் இவ்வளவு தெளிவாகப் பிரிகிற இடம் வேறில்லை.

சிகாகோ மாரத்தானை 2023இல் கென்ய வீரர் கெல்வின் கிப்டும் 2:00:35இல் முடித்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. சாமானியர் மாரத்தான்களில் நடப்பது நேரெதிர். 14 அமெரிக்க மாரத்தான்களில் ஏறத்தாழ 92,000 ஓட்டங்களைப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக 15.6 சதவீதமும் பெண்கள் 11.7 சதவீதமும் மெதுவானார்கள். தசையில் சேமித்த சர்க்கரை முன்பே தீர்வது ஆண்களிடம் அதிகம் என்பது ஒரு விளக்கம். தன்னைப் பற்றிய மிகை மதிப்பீடு இன்னொன்று. இரண்டையும் பிரித்தெடுக்க இந்தத் தரவு போதாது.

கடிகாரமும் அங்கே நடுநிலையான சாட்சி அல்ல. ஏறத்தாழ 98 லட்சம் மாரத்தான் நேரங்களை அலசிய பொருளியல் அறிஞர்கள் 2017இல், 3:00, 3:30, 4:00 போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் மனிதர்கள் குவிந்து கிடப்பதைக் காட்டினார்கள். உடலுக்கு நான்கு மணி என்று ஒரு எல்லை கிடையாது. ஆனால் 3:59 சாத்தியம் என்று தெரிந்தவர் கடைசி இரண்டு கிலோமீட்டரில் எங்கிருந்தோ தெம்பு எடுக்கிறார். எண் உழைப்பை அளக்கும் கருவி மட்டுமல்ல, உழைப்பை உண்டாக்கவும் செய்கிறது. பந்தயத்தின் முதல் பாதியில் கடிகாரத்தைக் கடிவாளமாகவும் பின்பாதியில் உணர்வைச் சாட்டையாகவும் கொள்ளும் பயிற்சியாளர்களின் நடைமுறை, இந்தச் சான்றுகளோடு ஓரளவு பொருந்துகிறது. கடும் வெயில் நாளில் கடிவாளத்தையே தளர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

தீராதவை

மூன்று அளவுகளில் ஒன்று மற்ற இரண்டையும் வென்றது என்று சொல்லும் நிலையில் ஆய்வுகள் இல்லை. மென்னோட்ட நாட்களில் மூச்சை நம்புவதற்கு ஆதரவு வலுவாக இருக்கிறது. உச்சத் துடிப்பைச் சூத்திரத்தில் எடுக்காமல் நேரில் சோதித்துக்கொண்டவருக்கு நாடியும் பயன்படும். கடிகாரம் தேவைப்படுவது வாராவாரம் அல்ல. முன்னேற்றத்தைச் சரிபார்க்கும்போதும் பந்தயத் தொடக்கத்திலும்.

அதற்கப்பால் கேள்விகள் திறந்தே இருக்கின்றன. சிரமத்தைத் துல்லியமாக உணர்வது கற்கக்கூடிய திறன் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். அனுபவசாலிகள் தம் வேகத்தைக் கடிகாரம் பார்க்காமலே நெருக்கமாகச் சொல்கிறார்கள், புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆனால் எண்ணைப் பார்த்துப் பார்த்து அந்தத் திறன் வளர்கிறதா, அல்லது எண்ணை மறைத்தால்தான் வளருமா என்பதில் பயிற்சியாளர்களே இரு கட்சி. மனக்களைப்போடு ஓடும் நாளில் சிரம எண்ணுக்குப் பணிந்து வேகத்தைக் குறைப்பதா, அதை மீறி ஓடுவதே பயிற்சியா என்பதும் அப்படியே. சான்றுகளின் பெரும்பகுதி குளிர்நாடுகளின் ஆய்வுக்கூடங்களில், பயிற்சி பெற்ற இளைஞர்களிடம், பல நேரம் நிலைச்சைக்கிளில் திரட்டியது. ஐம்பது வயதில் ஓடத் தொடங்கி, அதிகாலை ஐந்து மணிக்கே 28 டிகிரி இருக்கும் ஊரில் வாரம் மூன்று நாள் ஓடுகிற பெண்ணுக்கு அதிலிருந்து எவ்வளவு எடுத்துச் செல்லலாம் என்பதை, இப்போதைக்கு அவருடைய குறிப்பேடுதான் சோதித்துக்கொண்டிருக்கிறது.